கடலோர வீட்டுக்குக் கண்ணாடி நார் கம்பி போடலாமா, டிஎம்டி இரும்புக் கம்பியே போதுமா?

வேதை_உப்பு

எல்லோருக்கும் வணக்கம். வேதாரண்யத்தில் கடலில் இருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி எங்கள் மனை. கீழும் மேலுமாக வீடு கட்டுகிறோம், ஒரு தளம் 1,100 சதுர அடி. கடைக்கால் தோண்டி நிற்கிறது, கம்பி இன்னும் வாங்கவில்லை.

பக்கத்திலேயே அப்பா 1994இல் கட்டிய வீடு இருக்கிறது. ஹால் கூரையின் அடிப்பக்கம் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து விழுகிறது, கம்பி வெளியே தெரிகிறது, சில இடத்தில் 8 மி.மீ. கம்பி கட்டுக்கம்பி அளவுக்கு மெலிந்துவிட்டது. இரண்டு தடவை சுரண்டிப் பூசியாயிற்று, மூன்றாவது வருஷம் பூச்சோடு சேர்ந்து விழுந்தது. அம்மா அந்த ஹாலில் உட்காருவதையே விட்டுவிட்டார்.

போன வாரம் ஒருவர் சைட்டுக்கு வந்து ஜிஎஃப்ஆர்பி கம்பி என்று காட்டினார். கண்ணாடி நாரைப் பிசினில் தோய்த்து இழுத்துச் செய்வதாம். துருவே பிடிக்காது, இரும்பைவிட இரண்டு மடங்கு பலம், எடை கால்வாசி, அதனால் 10 மி.மீ. இரும்புக்குப் பதில் 8 மி.மீ. போதும், செலவும் மிச்சம் என்கிறார். சிறிய கம்பி சுருளாகவே வருகிறது, ஒரே ஆள் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். எங்கள் இன்ஜினியர் "நான் போட்டதில்லை" என்று நிறுத்திக்கொண்டார். மேஸ்திரி தொட்டுப் பார்த்துவிட்டு இது தூண்டில் கம்பு மாதிரி இருக்கிறது தம்பி என்று சிரிக்கிறார். அந்தப் பழைய ஹாலைப் பார்த்துப் பார்த்து, துருப்பிடிக்காது என்ற ஒரு வார்த்தையிலேயே எனக்குப் பாதி மனசு போய்விட்டது. வீடு முழுக்கப் போடலாமா? யாராவது போட்டிருக்கிறீர்களா?

டிசைன் மேசை

ஸ்ட்ரக்சுரல் டிசைன்தான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் சொன்ன எண்கள் பெரும்பாலும் சரிதான், ஆனால் ஒரு எண்ணைச் சொல்லாமல் விட்டுவிட்டார். கம்பிக்கு இரண்டு குணம் பார்க்க வேண்டும்: எவ்வளவு இழுத்தால் அறும் என்பது ஒன்று, இழுக்கும்போது எவ்வளவு நீளும் என்பது இன்னொன்று. கிணற்று வாளிக்கு நைலான் கயிறு கட்டிப் பாருங்கள். அறாது, ஆனால் வாளி நிறைந்ததும் கயிறு நீண்டு கொடுக்கும். சங்கிலி அப்படிக் கொடுக்காது. இரும்பின் விறைப்பு 200 கிகாபாஸ்கல், எந்த கிரேடு எடுத்தாலும் அதேதான். கண்ணாடி நார் கம்பிக்கு 40 முதல் 60 வரை, அதாவது சுமார் கால்வாசி.

இப்போது அவர் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10 மி.மீ. இரும்பின் குறுக்குப் பரப்பு 78.5 சதுர மி.மீ., 8 மி.மீ. கம்பிக்கு 50.3. பரப்பும் குறைந்தது, விறைப்பும் கால்வாசி, இரண்டையும் பெருக்கினால் உங்கள் ஸ்லாபில் கிடைக்கும் விறைப்பு முன்னே இருந்ததில் ஆறில் ஒரு பங்குதான். அதே 10 மி.மீ. இரும்பின் விறைப்பு வேண்டுமென்றால் கண்ணாடியில் 20 மி.மீ. போட வேண்டியிருக்கும். டிசைனில் எப்போதும் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை என்பது உண்மை, ஆனால் சைஸைக் குறைக்கலாம் என்பது தலைகீழான பேச்சு. ஸ்லாப் இடிந்துவிடாது, தொங்கும். விரிசல் அகலமாகும். கம்பி துருப்பிடிக்காமல் இருக்கும், ஆனால் அந்த விரிசல் வழியே மொட்டை மாடித் தண்ணீர் ஹாலுக்கு வரும், டைல்ஸ் வெடிக்கும்.

அடுத்தது எனக்கு இதைவிடப் பெரிய விஷயம். இரும்பு அறுவதற்கு முன்னால் நெளியும். 500டி என்று வாங்குகிறீர்களே, அந்த டி என்பதே இந்த இழுபடும் குணத்துக்கான எழுத்து, அறுவதற்குள் குறைந்தது 16 சதவீதம் நீள வேண்டும் என்று இரும்புக் கம்பிக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐஎஸ் 1786 கேட்கிறது. பாரம் மிஞ்சினால் பீம் வளைந்து, வாய் பிளந்து, வீட்டில் இருப்பவர்களுக்கு வெளியே ஓட நேரம் கொடுக்கும். கண்ணாடி நார் கம்பி சுமார் 2 சதவீதத்துக்குள்ளேயே நேராகப் போய் டப்பென்று அறுந்துவிடும், இடையில் நெளிவு என்ற கட்டமே கிடையாது. அதனால்தான் அதை வைத்து டிசைன் செய்கிறவர்கள் கம்பியை வேண்டுமென்றே கூடுதலாகப் போட்டு, கம்பி அறுவதற்கு முன் கான்கிரீட் நசுங்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். பில்லரில் நிலைமை இன்னும் மோசம், அமுக்கு விசையில் அந்தக் கம்பி தாங்கும் பாரத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. நிலநடுக்கத்தில் ஆடித் தாங்க வேண்டிய பீம், பில்லர் சட்டகத்துக்கு நெளியும் கம்பிதான் வேண்டும்.

கான்கிரீட் கட்டுமானத்துக்கான நம் ஐஎஸ் 456இல் இந்தக் கம்பிக்கு டிசைன் வழிமுறை இல்லை. 2023இல் ஐஎஸ் 18256 என்று ஒரு தரநிர்ணயம் வந்தது, ஆனால் அது கம்பி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது, வீட்டை எப்படி டிசைன் செய்ய வேண்டும் என்று சொல்வதல்ல. அமெரிக்காவில் 2022இல்தான் ஏசிஐ 440.11 என்று முழு டிசைன் கோடே போட்டார்கள். அதைப் படித்துக் கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போட உங்கள் பக்கம் ஒருவர் கிடைத்தால் பேசலாம். விற்கிறவர் கையெழுத்துப் போடுவாரா என்று கேளுங்கள்.

கம்பிக்காரர் மகன்

மேலே அண்ணன் சொன்ன கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது, அப்பா பார் பெண்டர், நான் இப்போது சூப்பர்வைசர். போன வருஷம் ஒரு குடோன் தரைக்கு இந்தக் கம்பியைக் கட்டினோம், அதை வைத்துச் சொல்கிறேன்.

வளைக்க முடியாது. இதை முதலில் மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். சைட்டில் மேடை போட்டு, ஆணி அடித்து, சாவியை மாட்டி வளைக்கிற வேலை எல்லாம் இதில் நடக்காது, வளைத்தால் வில் மாதிரி திரும்பி முகத்தில் அடிக்கும். ரிங், எல் பெண்ட், கிராங்க் எல்லாம் பிசின் காய்வதற்கு முன்பே ஃபேக்டரியில் வளைத்து வர வேண்டும். வீட்டு வேலையில் பாதிக்குப் பாதி வளைவுதானே, பில்லர் ரிங்கில் தொடங்கி சன்ஷேட் வரைக்கும். பில்லர் நாலு இன்ச் தள்ளிப்போனால் இரும்பில் அங்கேயே சரி செய்துவிடுவோம், இதில் ஆர்டர் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்புறம், எடை இல்லாததே ஒரு தொல்லை. 12 மி.மீ. டிஎம்டி ஒரு முழு நீளம் பத்தரை கிலோவுக்கு மேல், போட்ட இடத்தில் கிடக்கும். இது கான்கிரீட்டைக் கொட்டி வைப்ரேட்டர் வைத்ததும் மிதந்து மேலே வரப் பார்க்கிறது. சென்ட்ரிங்கோடு சேர்த்து இழுத்துக் கட்டினால்தான் நிற்கும். மேலே நடந்தால் இரும்பு ஜாலியைவிட அதிகமாக அமுங்கும், அதனால் கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்கையும் நெருக்கமாக வைக்க வேண்டும். வெட்டுவதற்கு கிரைண்டரில் டயமண்ட் பிளேடுதான், அந்தத் தூள் கையில் ஏறினால் இரண்டு நாள் அரிப்பு, மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம். வெயிலில் மாதக்கணக்கில் கிடக்கக்கூடாது, தார்ப்பாய் போட்டு மூட வேண்டும்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். நேர் கம்பி, பெரிய தரை, வளைவே இல்லை என்றால் வேலை பறக்கிறது. நாலு பேர் தூக்குவதை ஒரு ஆள் தூக்கினார், யாருக்கும் இடுப்பு வலி இல்லை.

தம்மாம் சைட்

சவூதியில் 11 வருஷமாக இருக்கிறேன். இங்கே எல்லோரும் அந்தக் கம்பியைக் கொஞ்சம் அதிகமாகவே விரட்டுகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஜிசானில் 20 கிலோமீட்டருக்கு மேல் நீளமான வெள்ளநீர்க் கால்வாயை இந்தக் கம்பியைப் போட்டே கட்டியிருக்கிறார்கள். எங்கள் கடற்கரை மண்ணில் தோண்டினால் உப்புத் தண்ணீர்தான், இரும்புக் கம்பியை அதில் வைப்பது உப்புக் கண்டம் போடுவது மாதிரி. தரைத்தளம், தாங்கு சுவர், கால்வாய்ச் சரிவு, கடல் சுவர் இந்த மாதிரி இடங்களில் கண்ணாடிக் கம்பிதான் புத்திசாலித்தனம். மெட்ரோ வேலைகளிலும் சுரங்கம் தோண்டும் இயந்திரம் துளைத்துப் போக வேண்டிய சுவர்ப் பகுதியில் இதைத்தான் வைப்பார்கள், இரும்பு இருந்தால் இயந்திரத்தின் பல் போய்விடும். எம்ஆர்ஐ அறைக்கும் இதுதான், காந்தத்துக்கு இது அசையாது.

ஆனால் ஒன்று, வேதை தம்பி. இங்கே கண்ணாடிக் கம்பி என்றால் எந்தக் கண்ணாடி, எந்தப் பிசின் என்று சான்றிதழ் இல்லாமல் லாரியை கேட்டுக்குள் விடமாட்டார்கள். கான்கிரீட் காரத்தன்மை உள்ளது, சாதாரணக் கண்ணாடி நாரை அந்தக் காரம் அரிக்கும். அதனால் அரிப்பைத் தாங்கும் கண்ணாடி, வினைல் எஸ்டர் பிசின் என்று கேட்பார்கள், பாலியஸ்டர் பிசின் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் ஊருக்கு வந்தவரிடம் பிசின் என்ன என்று மட்டும் கேளுங்கள், பதில் வரும் வேகத்திலேயே தெரிந்துவிடும்.

வளைவு விஷயத்தில் கம்பிக்காரர் மகன் சொன்னது சரிதான். எங்கள் வேலையில் வளைத்த துண்டுகள் ஐந்து வாரம் தாமதமாக வந்து ஒரு சுவரே நின்றுபோனது. வளைந்த இடத்தில் பலமும் நேர் கம்பியின் பாதி அளவுக்கு இறங்கிவிடும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அடுப்படி

தீயைப் பற்றி யாருமே பேசவில்லையே? கம்பியின் பிசின் நூறு டிகிரியைத் தாண்டிக் கொஞ்சத்திலேயே இளக ஆரம்பிக்கும், இளகினால் கான்கிரீட்டோடு உள்ள பிடிப்பு போய்விடும். இரும்பு 400 டிகிரி வரைக்கும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். கேஸ் சிலிண்டர் இருக்கிற வீட்டின் கூரைக்கு எனக்கு இது ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்ல.

வேதை_உப்பு

எல்லோருக்கும் நன்றி. பிசின் என்ன என்று போனில் கேட்டேன். "நல்ல பிசின் சார்" என்றார்.

சரி, வீடு முழுக்க வேண்டாம். பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் மட்டும் போட்டால்? முதலில் விழுவது அதுதானே. இல்லையென்றால் பச்சை நிறத்தில் எபாக்சி பூசிய கம்பி என்று ஒன்று விற்கிறார்களே, அது?

டிசைன் மேசை

பால்கனியில் மட்டும் போட்டுவிடாதீர்கள் தம்பி, அது கான்டிலீவர். ஒரு பக்கம்தான் பிடிமானம், மெயின் கம்பி மேல்பக்கம் இருக்கும், விறைப்பு குறைந்தால் முனை தொங்குவது முதலில் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். போதாததற்கு எப்போதும் பாரத்தைச் சுமந்துகொண்டே இருக்கும் இடம் அது. கண்ணாடி நாருக்கு நீண்ட காலப் பாரம் ஆகாது, வருஷக்கணக்கில் இழுபட்டே இருந்தால் தன் பலத்துக்கு வெகு கீழேயே அறுந்துவிடும். அதனால் நிரந்தரப் பாரத்துக்கு அதன் பலத்தில் 20 முதல் 30 சதவீதத்துக்கு மேல் டிசைன் கோடுகள் அனுமதிப்பதில்லை. அந்த "இரண்டு மடங்கு பலம்" இங்கே வந்து எங்கே நிற்கிறது பாருங்கள்.

எபாக்சிக்கு ஒரு பழைய கதை உண்டு. புளோரிடாவின் கீஸ் தீவுகளில் 1980ஐ ஒட்டிக் கட்டிய பாலங்களில் எபாக்சி பூசிய கம்பி போட்டார்கள். 1986இலேயே லாங் கீ பாலத்தின் தூண்களில் துரு வந்துவிட்டது. பூச்சில் ஒரு கீறல் இருந்தால் போதும், உப்பு அந்த ஒரு புள்ளியில் நுழைந்து பூச்சுக்கு அடியிலேயே பரவும். நம் ஊரில் லாரியில் இருந்து கம்பியைக் கீழே தள்ளும் சத்தம் தெருமுனை வரை கேட்கும், அந்தக் கையில் எபாக்சி பிழைக்குமா? இப்படிச் சூடு பட்ட புளோரிடாதான் பிறகு கண்ணாடிக் கம்பிப் பக்கம் திரும்பியது, ஹால்ஸ் ரிவர் பாலத்தை அப்படித்தான் கட்டினார்கள். பாலம் வேறு, வீடு வேறு.

உங்களுக்குக் கிட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. பாம்பன் காற்று கம்பியைத் தின்னும் காற்று என்று ஊரறியும், காரைக்குடி சிக்ரி ஆய்வகம் மண்டபத்தில் இதற்கென்றே ஒரு அரிப்பு ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. 2025இல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டார்கள். மெக்சிகோவில் புரோக்ரெசோ என்ற ஊரில் 1940ஐ ஒட்டி ஸ்டெயின்லெஸ் கம்பி வைத்துக் கட்டிய கடல் மேடை இன்னும் நிற்கிறது. ஆனால் அது சாதாரணக் கம்பியைப் போலப் பல மடங்கு விலை, வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன்.

இப்போது அப்பா வீட்டுக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் கேள்வியே அங்கிருந்துதான் வருகிறது. நல்ல கான்கிரீட்டுக்குள் இரும்பு துருப்பிடிக்காது, அதன் காரத்தன்மை கம்பி மேல் மெல்லிய படலம் ஒன்றைப் போட்டுக் காப்பாற்றும். அந்தப் படலத்தை உடைப்பது உப்பில் உள்ள குளோரைடு. அது வெளியே காற்றிலிருந்தும் வரும், கலக்கும்போது நாமே உள்ளே ஊற்றினாலும் வரும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால்தான் உள்ளிருந்து தள்ளித் தட்டுத் தட்டாகப் பெயர்கிறது. மேலே எத்தனை தடவை பூசினாலும் நிற்காததற்கும் அதுவே காரணம்.

அதனால் மூன்று கேள்வி. அப்பா எந்தத் தண்ணீரில் கலந்தார்? கம்பிக்கு அடியில் எத்தனை மி.மீ. கான்கிரீட் இருந்தது? கலவையில் தண்ணீர் எவ்வளவு? உடைந்து விழுந்த துண்டு ஒன்று இருந்தால் ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

வேதை_உப்பு

பார்த்தேன். கம்பி இருந்த தடத்துக்குக் கீழே 10 மி.மீ. கூட இல்லை, ஓரிடத்தில் பூச்சுக் கலவை மட்டும்தான். ஒரு துண்டில் கருங்கல் ஜல்லி கம்பித் தடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் எங்கள் போர் தண்ணீர்தான் என்கிறார் அப்பா. குடிக்க உப்புக் கரிக்கும், வேறு தண்ணீர் அந்தக் காலத்தில் ஏது என்கிறார்.

கம்பிக்காரர் மகன்

அந்த ஜல்லிதான் கவர் பிளாக். நிறைய சைட்டில் இன்றும் அப்படித்தான், கம்பிக்கு அடியில் ஒரு ஜல்லியை உருட்டிவிட்டு மேலே ஏறி நடப்பார்கள், ஜல்லி நழுவிவிடும், கம்பி பலகையில் படுத்துவிடும். எந்தக் கம்பியானாலும் பலகையில் படுத்தால் முடிந்தது.

டிசைன் மேசை

விடை கிடைத்துவிட்டது, கம்பிமேல் குற்றமில்லை. அப்பா மேலும் குற்றமில்லை, இருந்த தண்ணீரில்தானே கட்ட முடியும்.

ஐஎஸ் 456 கடலோரக் காற்று படும் கான்கிரீட்டை கடுமையான சூழல் என்று வகைப்படுத்துகிறது: குறைந்தது எம்30 பலமுள்ள கான்கிரீட், சிமென்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது, கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், 45 மி.மீ. வீட்டின் உட்பக்கத்துக்கு 30 போதும் என்று வாதிடலாம், ஆனால் வேதாரண்யத்தில் ஜன்னலைச் சாத்தி யார் குடியிருக்கிறார்கள்? 45 வைத்தால் ஸ்லாபின் கனத்தையும் கூட்ட வேண்டும், ஐந்து அங்குலத்தில் கவரை மட்டும் ஏற்றினால் ஸ்லாப் பலவீனமாகிவிடும், உங்கள் இன்ஜினியரிடம் திரும்பக் கணக்குப் போடச் சொல்லுங்கள். தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கிராமுக்கு மேல் இருந்தால் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஆகாது. கலக்க மட்டுமல்ல, தண்ணீர் கட்டி நனைக்கவும் அதே தண்ணீர் வேண்டாம். சிமென்ட் இரும்பு ஆலைக் கசடான ஸ்லாக் கலந்தது அல்லது சாம்பல் கலந்த பிபிசி நல்லது. சல்ஃபேட்டைத் தாங்கும் சிமென்ட் என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், உங்கள் பிரச்சினை குளோரைடு.

இதற்கு மேலும் மனசு கேட்கவில்லையென்றால், சிக்ரி உருவாக்கிய சிமென்ட் பாலிமர் பூச்சு இருக்கிறது. கம்பியை வளைத்து முடித்து, துருவைச் சுத்தமாக நீக்கி, இரண்டு கோட் அடித்துக் காயவைத்துக் கட்டுவது. வெளிப்பக்கப் பில்லர், பால்கனி, சன்ஷேடுக்கு அதைப் போடலாம். கண்ணாடிக் கம்பி வைத்தே தீர வேண்டும் என்றால் கார் நிறுத்தும் தரைக்குப் போடுங்கள், நேர் கம்பி, கீழே மண் தாங்குகிறது, தலைக்கு மேல் யாருக்கும் ஆபத்தில்லை.

விலையையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கிலோ கணக்கில் அந்தக் கம்பியையும் இரும்பையும் ஒப்பிடாதீர்கள், எடை கால்வாசி என்பதால் அந்த ஒப்பீட்டில் அர்த்தமே இல்லை. மீட்டருக்கு எவ்வளவு, டிசைன்படி எத்தனை மீட்டர் என்று பெருக்கிப் பார்த்தால்தான் மிச்சம் தெரியும், வீட்டு ஸ்லாபில் அந்த மிச்சம் பெரும்பாலும் வராது.

வேதை_உப்பு

எட்டு நாள் கழித்து எழுதுகிறேன். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன், குளோரைடு 1,870 வந்திருக்கிறது. மேஸ்திரி நம்பவில்லை, நாங்கள் இதில்தானே முப்பது வீடு கட்டினோம் என்கிறார். அந்த முப்பதில் எத்தனை வீட்டில் சீலிங் இருக்கிறது என்று கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

லாரித் தண்ணீர் பேசியாகிவிட்டது. டிஎம்டி 500டி, எம்30, ஸ்லாப் ஆறு அங்குலம், பால்கனிக் கம்பிக்கு மட்டும் அந்தப் பூச்சு. கார் தரைக்குக் கண்ணாடிக் கம்பி போடலாமா என்று இன்னும் யோசனையில் இருக்கிறது. ஒரு சின்ன உதவி வேண்டும்: 45 மி.மீ. கவர் பிளாக் இங்கே எந்தக் கடையிலும் இல்லை, 20, 25 தான் இருக்கிறது. இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைக்கலாமா?

கம்பிக்காரர் மகன்

வேண்டாம், சரிந்துவிடும். நீங்களே வார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. 45 மி.மீ. உயரச் சட்டம் அடித்து, ஸ்லாபுக்குப் போடுகிற அதே பலத்தில் பொடி ஜல்லிக் கலவை ஊற்றி, கட்டம் கட்டமாகக் கீறி, ஈரத்தில் கட்டுக்கம்பியைச் சொருகிவிடுங்கள். வெறும் மணல் சிமென்ட் சொதசொதவென்று ஊற்றினால் உப்பு முதலில் அந்த பிளாக் வழியேதான் ஏறும். ஏழு நாளாவது தொட்டியில் ஊறட்டும், நல்ல தண்ணீரில்.

வேதை_உப்பு

சரி தம்பி. நாளைக்குப் பலகை வாங்கிவிடுகிறேன்.